ஆறு கண்ணாடிகள், எட்டு வளிமண்டலங்கள்: கோள் பார்க்கும் வண்ண ஃபில்டர் பெட்டி வாங்கலாமா?

தொலைநோக்கி வாங்கியவர்களில் பலர் அடுத்து வாங்குவது இந்தப் பெட்டியைத்தான். கையடக்கப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே கருப்புப் பஞ்சு, பஞ்சில் பதித்த ஆறு வண்ணக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குல ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸின்) அடிமரையில் திருகும் அளவு. விற்பவரைப் பொறுத்து ஒன்றிரண்டு எண் மாறலாம். இங்கே எடுத்துக்கொண்ட அடுக்கு இது: 12 மஞ்சள், 21 ஆரஞ்சு, 25 சிவப்பு, 58 பச்சை, 80ஏ நீலம், 47 ஊதா. இவை புகைப்படக்காரர்களின் பழைய ராட்டன் வரிசை எண்கள். யார் செய்தாலும் ஒரே எண்ணுக்கு ஏறத்தாழ ஒரே நிறம்.

பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டும் வரும். செவ்வாய்க்குச் சிவப்பு, வியாழனுக்கு நீலம், வெள்ளிக்கு ஊதா என்று பட்டியல் போட்டிருக்கும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. அந்த ஏன் தெரியாதவரைக்கும் இந்த ஆறும் வெறும் வண்ணக் கண்ணாடிகள்தான். கோள் நீலமாகத் தெரிகிறது, சிவப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. பத்து நிமிடத்தில் பெட்டி மூடப்படும்.

ஃபில்டர் புதிதாக எதையும் காட்டாது. வேண்டாத வெளிச்சத்தை விழுங்கும், அதனால் மிச்சம் இருப்பது எடுத்துத் தெரியும். எது வேண்டாத வெளிச்சம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோளின் வளிமண்டலம். பாறைக் கோளில் கீழே தரை, மேலே காற்று, இரண்டும் தனித்தனி. எந்த நிறத்தில் அந்தக் காற்று ஜன்னலாகிறது, எந்த நிறத்தில் திரையாகிறது என்று கேட்க வேண்டும். வாயுக் கோளில் நாம் பார்க்கும் இடத்தில் தரையே கிடையாது. அங்கே எந்த நிறம் எவ்வளவு ஆழம் போய்த் திரும்பி வருகிறது என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே பெட்டி ஒரே மாதிரி பதில் சொல்லாது. இந்த மதிப்பீடு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் வெளிச்சக் கணக்கு

ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது சீட்டில் இருக்காது, இருந்தாலும் பொடி எழுத்தில். 12 சுமார் 74 சதவீதம் விடும். 21 விடுவது 46, 80ஏ 30, 58 24. சிவப்பு 25 விடுவது 14 சதவீதம்தான். ஊதா 47 வெறும் 3.

இதைத் தொலைநோக்கியின் விட்டமாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். 150 மிமீ கருவியில் 25ஐத் திருகினால் கண்ணுக்கு வரும் வெளிச்சம் 56 மிமீ கருவியினுடையது. 80ஏ போட்டால் 82 மிமீ. 200 மிமீ கருவியில் 47 போட்டால் 35 மிமீ, அதாவது ஒரு சின்ன பைனாகுலரின் ஒரு பக்கம். நுண்விவரம் பிரித்துக் காட்டும் திறன் விட்டத்தோடு போவதால் அது பெரிதாகக் குறையாது. ஆனால் மங்கிய வட்டில் கண்ணால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே 25க்கு 200 மிமீயாவது வேண்டும். 150க்கும் கீழே உள்ளவர்களுக்கு 21 போதும், இல்லையென்றால் 23ஏ என்ற வெளிர்சிவப்பைத் தனியாக வாங்கலாம். அது 25 சதவீதம் விடும்.

அடர்ந்த ஃபில்டர் போட்டால் உருப்பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 150 மிமீயில் 150 மடங்கு என்றால் 1 மிமீ. ஃபில்டர் இல்லாமல் அது சரி. 80ஏ போட்டதும் 100 மடங்குக்கு இறங்குங்கள், படம் உயிர் பெறும்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

மலிவான பெட்டிகளில் நிறத்தில் குறை இருப்பது அபூர்வம். குறை கண்ணாடியிலும் வளையத்திலும்தான் இருக்கும். ஃபில்டரைக் கையில் பிடித்துத் தூரத்து ஜன்னல் கம்பியை அதன் வழியே பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். கம்பி அசைந்தால் கண்ணாடியின் இரு முகங்களும் இணையாக இல்லை. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்திருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பிவிடலாம். அடுத்து, சாய்த்துப் பிடித்து விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வெறும் கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் 4 சதவீதம் பிரதிபலிக்கும். பூச்சு இருந்தால் பிரதிபலிப்பு மங்கலாக, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். பூச்சில்லாத கண்ணாடியில் வெள்ளி, வியாழன் போன்ற பளிச்சென்ற கோள்களுக்குப் பக்கத்தில் ஒரு பேய் உருவம் மிதக்கும். அதைப் பார்த்து 'புது நிலா கண்டேன்' என்று கிளம்பியவர்கள் உண்டு.

மூன்றாவது சோதனை நட்சத்திரத்தில். ஃபில்டரோடு ஒரு நட்சத்திரத்தைக் குவித்து, குவியத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டம் முட்டையாகி, மறுபக்கத்தில் அந்த முட்டை குறுக்கே திரும்பினால், கண்ணாடியை இறுக்கும் உள்வளையம் மிகையாக முறுக்கப்பட்டிருக்கிறது. வளையத்தின் இரு வெட்டிலும் பொருந்தும் கருவியால் கால் சுற்று தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபில்டர் இல்லாமலும் முட்டை தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழி தொலைநோக்கியின்மீது இருக்கலாம், உங்கள் கண்ணின்மீதும் இருக்கலாம்.

மரை 28.5 மிமீ, புரி இடைவெளி 0.6 மிமீ என்பது நடைமுறை அளவு. ஆனாலும் சில பழைய ஐபீஸ்களில் அரைச் சுற்றோடு நின்றுவிடும். அதற்குமேல் திருகாதீர்கள். அலுமினிய மரை பிய்ந்து தூள் கண்ணாடிமேல் விழும். குளிரில் இறுகி மாட்டிக்கொண்டால் குறடு எடுக்கக் கூடாது. விரலால் இரு பக்கமும் நெருக்கினாலும் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். ரப்பர் விரிப்பை மேசைமேல் போட்டு, ஃபில்டர் முகம் கீழாக லேசாக அழுத்தி ஐபீஸைத் திருகுங்கள். விசை வளையத்தைச் சுற்றிச் சமமாகப் பரவுவதால் கழன்று வரும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆறில் எதுவும் சூரியனுக்கானது அல்ல. இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இருட்டாக்கினாலும் அல்ல. ஐபீஸில் திருகும் 'சூரிய ஃபில்டர்' என்று ஏழாவதாக ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும், வெடிக்கும்போது கண் அதன்மேல்தான் இருக்கும்.

முதலில் குறுக்கே நிற்பது நம் காற்று

எந்தக் கோளைப் பார்த்தாலும் முதலில் கடப்பது 78 சதவீதம் நைட்ரஜனும் 21 சதவீதம் ஆக்சிஜனும் கொண்ட நம் வளிமண்டலத்தைத்தான். அது நீலத்தைச் சிதறடிக்கும். சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால் 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்குமேல் சிதறும். கோள் அடிவானத்தை ஒட்டி இருந்தால் காற்று முப்பட்டகம் போலவும் வேலை செய்யும்: வட்டின் ஒரு விளிம்பில் நீலம், எதிர் விளிம்பில் சிவப்பு. 30 டிகிரிக்குக் கீழே இது விவரங்களை இழுத்துக் கலைத்துவிடும்.

ஆரஞ்சு 21 இந்தப் பெட்டியில் அடக்கமான நாயகன் ஆவது இதனால்தான். நீல முனையை வெட்டுவதால் அந்த இழுவை குறைகிறது. நீண்ட அலைகள் காற்றின் கொதிப்பில் குறைவாகவே தள்ளாடுவதால் படமும் நிதானப்படும். காற்று மோசமான இரவில், எந்தக் கோளாக இருந்தாலும், 21ஐ முதலில் முயன்று பாருங்கள்.

இரட்டைக் கண்ணாடி லென்ஸ் கொண்ட சாதாரண ஒளிவிலகல் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு 12 வேறு விதத்தில் உதவும். அந்தக் கருவிகளில் ஊதா ஒளி சரியாகக் குவியாமல் வியாழனையும் வெள்ளியையும் சுற்றி ஒளிவட்டமாக நிற்கும். 12 சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத் தடுப்பதால் அந்த வட்டம் போய்விடும். கண்ணாடி எதிரொளிப்புத் தொலைநோக்கி என்றால் 12க்குப் பெரிய வேலை இல்லை.

பாறைக் கோள்கள்

புதனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம், அதாவது விடுபடு திசைவேகம், நொடிக்கு 4.3 கிலோமீட்டர், பகல் வெப்பம் 430 டிகிரி. இந்த இரண்டும் சேர்ந்தால் காற்று தங்காது. சோடியம், ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹீலியம், பொட்டாசியம் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் பறந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய புறவளிமண்டலம்தான் அங்கே உண்டு. அதன் சோடியம் வாலை 589 நானோமீட்டரை மட்டும் விடும் குறும்பட்டை ஃபில்டரும் கேமராவும் வைத்துப் பிடிக்கிறார்கள். இந்தப் பெட்டியால் முடியாது. ஆனால் பகலில் புதனைத் தேடும்போது 21 அல்லது 25 நம் நீல வானத்தைக் கருக்கிக் கோளை எடுத்துக் காட்டும். பார்ப்பது புதனை, வடிகட்டுவது பூமியின் காற்றை. சூரியன் பக்கத்தில் இருப்பதால் கட்டடத்தின் நிழலில் கருவியை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

வெள்ளி நேர் எதிர். 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 3.5 சதவீதம் நைட்ரஜன், தரையில் பூமியைப்போல் 92 மடங்கு அழுத்தம், 465 டிகிரி வெப்பம். தரைக்குமேல் ஏறத்தாழ 48 முதல் 70 கிலோமீட்டர் வரை கந்தக அமில மேகம். இந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியும் எந்த நிறத்திலும் ஓட்டை இல்லை. 1982இல் இறங்கி 127 நிமிடம் தாக்குப்பிடித்த சோவியத் கலம் வெனேரா 13 எடுத்த தரைப்படங்கள் ஆரஞ்சாக இருப்பதற்குக் காரணம் பாறை மட்டுமல்ல. தலைக்குமேல் இருந்த காற்றே நீலத்தை விழுங்கிவிட்டது. கிட்டத்தட்ட 21ஆம் எண்ணை அந்தக் கோளே போர்த்தியிருக்கிறது.

அப்படியானால் துண்டுச்சீட்டு ஏன் 47 என்கிறது? மேகத்தின் மேலடுக்கில் புறஊதாவை விழுங்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அது என்னவென்று இன்னும் உறுதிப்படவில்லை. 1920களில் வானியலாளர் ஃபிராங்க் ராஸ் புறஊதாவில் எடுத்த படங்களில்தான் வெள்ளியின் மேகக் கோலங்கள் தெளிவாகப் பதிந்தன. கோள் ஒருமுறை சுழல 243 நாள். அந்த மேகங்களோ நாலே நாளில் கோளைச் சுற்றிவிடுகின்றன. 47 புறஊதா ஃபில்டர் அல்ல, ஆனால் ஊதா முனையில் அந்த விழுங்கலின் வால் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். 200 மிமீக்குமேல் கண்ணாடித் தொலைநோக்கி, வெள்ளி உயரத்தில் இருக்கும் அந்திநேரம், பொறுமை மூன்றும் இருந்தால், பகலும் இரவும் பிரியும் கோட்டை ஒட்டி நிழல் மாதிரி ஏதோ தெரியும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி ஊதாவை விழுங்குவதால், அப்பாவுக்குத் தெரியாதது பக்கத்தில் நிற்கும் மகளுக்குத் தெரியலாம். கண்கூச்சத்தைக் குறைத்துப் பிறை வடிவத்தைக் கூர்மையாக்குகிறது என்பதற்காக மட்டுமே 47 வாங்குவது வீண். அதை 80ஏயும் செய்யும்.

கேமராவில் 47 போடுபவர்களுக்கு ஒரு பொறி. சாயக் கண்ணாடியால் ஆன 47, 80ஏ, 58 மூன்றும் 700 நானோமீட்டருக்கு அப்பால் அகச்சிவப்பைக் கசியவிடும். கண்ணுக்கு அது தெரியாது. சிலிக்கான் சென்சாருக்கு 1000 நானோமீட்டர் வரை தெரியும். 47இல் நல்ல ஊதா 3 சதவீதம்தான் என்பதால் படத்தில் பதிவது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதில் வெள்ளி வழுவழுவென்று மொட்டையாக இருக்கும். அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றையும் கூடவே போட வேண்டும். வேறு வழி, 320 முதல் 390 நானோமீட்டர் வரை மட்டும் விடும் தனிப் புறஊதா ஃபில்டர். மறுமுனையில், வெள்ளி மெல்லிய பிறையாக இருக்கும் நாட்களில் 1000 நானோமீட்டர் ஃபில்டர் போட்டுப் படமெடுப்பவர்கள் இருட்டுப் பக்கத்தில் தரையின் வெப்ப ஒளியையே பிடிக்கிறார்கள். அந்த நிறத்தில் திரையில் ஒரு கிழிசல் இருக்கிறது.

இந்தப் பெட்டி தன் விலையைச் சம்பாதிக்கும் கோள் செவ்வாய். அழுத்தம் 6 மில்லிபார் சுற்றி, பூமியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மிச்சம் நைட்ரஜனும் ஆர்கானும். இவ்வளவு மெல்லிய காற்றில் வாயு தானாக ஒளியைச் சிதறடிப்பது சொற்பம். தூசியும் பனிப்படிக மேகமும்தான் கண்ணுக்குத் தெரியும் 'வானிலை'. தரை சிவப்பு, ஆகவே சிவப்பு ஒளியில் பிரகாசமான பாலைக்கும் கரும்பாறைப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிறது. நீலத்தில் தரை முழுதும் ஒரே இருட்டு; அதன்மேல் மிதக்கும் வெள்ளை மேகம் மட்டும் எழுந்து நிற்கிறது. 21 அல்லது 25 போட்டால் தரை, 80ஏ போட்டால் காற்று. ஒரே கோளை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டியில் இங்கே மட்டும்தான் இவ்வளவு சுத்தமாக நடக்கிறது.

செய்முறை எளிது, அவசரம் கூடாது. ஃபில்டர் இல்லாமல் ஐந்து நிமிடம் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பிறகு 21 போட்டு மறுபடி குவியுங்கள். 2 மிமீ கண்ணாடி குவியத்தை 0.7 மிமீ அளவுக்குத் தள்ளிவிடும், மறுகுவியம் செய்யாமல் 'மங்கலாகிவிட்டது' என்று ஃபில்டரைக் குறை சொல்பவர்கள் ஏராளம். இரண்டு மூன்று நிமிடம் கழித்து 80ஏ. ஒரு பொட்டு நீலத்தில் பளிச்சென்றும் சிவப்பில் மங்கியும் இருந்தால் மேகம் அல்லது மூட்டம். சிவப்பில் பளிச்சென்று, நேற்றுத் தெரிந்த கரும்பகுதியின் விளிம்பை மறைத்தால் தூசி. எல்லா நிறத்திலும் பிரகாசமாக, இடம் மாறாமல் இருந்தால் தரையில் படிந்த பனி. துருவத்தில் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்: நீலத்தில் பெரிதாகத் தெரியும் வெள்ளைத் தொப்பி சிவப்பில் சுருங்கினால், பார்த்தது பனித்தொப்பியை அல்ல, அதன்மேல் கவிந்த மேகப் போர்வையை.

2018இல் செவ்வாய் மிக அருகே வந்தபோது கோள் முழுதும் தூசி. 25 போட்டாலும் வட்டு ஆரஞ்சுப் பந்துதான். அந்தப் புழுதிதான் ஆப்பர்சூனிட்டி ஊர்தியை ஓயவைத்தது. பெரும் புயல்கள் செவ்வாய் சூரியனுக்கு அருகே வரும் பருவத்தில்தான் கிளம்பும். 2027 பிப்ரவரி 19 எதிர்நிலை (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிரே செவ்வாய் நிற்கும் நாள்) இதற்கு மாறானது: வட்டு 14 விகலைக்குச் சற்றுக் குறைவு (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு), சிறியது, ஆனால் செவ்வாய் சூரியனைவிட்டு விலகிக் குளிர்ந்திருக்கும் காலம், நடுக்கோட்டை ஒட்டி மேகப் பட்டை உருவாகும் பருவம். 25ஐப் பெட்டியிலேயே விட்டுவிட்டு 80ஏயோடு உட்கார வேண்டிய எதிர்நிலை அது. தார்சிஸ் எரிமலைகளின் சரிவில் பிற்பகலில் திரளும் மேகங்களைக் கோளின் மாலை விளிம்பில் தேடுங்கள்.

வாயுக் கோள்கள்

வியாழனின் விடுபடு திசைவேகம் நொடிக்கு 59.5 கிலோமீட்டர், சனிக்கு 35.5. பாறைக் கோள்களால் பிடித்துவைக்க முடியாத ஹைட்ரஜனும் ஹீலியமும் இங்கே தங்கிவிட்டன. வியாழனில் பத்தில் ஒன்பது மூலக்கூறு ஹைட்ரஜன், மிச்சம் ஏறக்குறைய எல்லாமே ஹீலியம். இவை இரண்டுக்கும் நிறம் இல்லை. நாம் பார்க்கும் பட்டைகளின் நிறம் கொசுறாக இருப்பவற்றின் வேலை: மேலே அமோனியாப் பனி மேகம், கீழே அமோனியமும் கந்தகமும் சேர்ந்த மேகம், அதற்கும் கீழே நீர். பழுப்புப் பட்டையும், பெருஞ்செந்திட்டு என்ற மாபெரும் சிவப்புச் சுழற்புயலும் நீலத்தை விழுங்கும். எனவே 80ஏயில் அவை இரண்டும் கருத்துத் திரளும், பட்டைகளுக்கு இடையே உள்ள வெள்ளை மண்டலங்கள் அப்படியே நிற்கும். பச்சை 58ம் இதே வேலையை இன்னும் இருட்டாகச் செய்யும். அதனால் 58க்குத் தனிக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பலர் தவறவிடுவது 21ஐ வியாழனில் போடுவது. நடுக்கோட்டு மண்டலத்தின் வடக்கு விளிம்பிலிருந்து சாம்பல்நீலக் கொடிகள் தொங்கும். 80ஏயில் அவை மறைந்துவிடும். 21இல் கறுத்து வெளியே வரும். கொடி தொடங்கும் இடங்கள் மேகம் விலகிய ஓட்டைகள், அங்கே பார்வை மற்ற இடங்களைவிட ஆழமாக இறங்குகிறது. 1995 டிசம்பர் 7இல் கலிலியோ ஆய்வுக்கலம் விழுந்தது அப்படிப்பட்ட ஒரு வறண்ட ஓட்டையில்தான். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தகவல் அனுப்பி, 22 பார் அழுத்தம் வரை (பூமியில் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1 பார்) இறங்கியது. எதிர்பார்த்த நீர் அங்கே கிடைக்கவில்லை, தரையும் தட்டுப்படவில்லை. ஆக, 80ஏயும் 21ம் இங்கே தரை, காற்று என்று பிரிப்பதில்லை. மேல்மாடி, கீழ்மாடி என்று பிரிக்கின்றன.

இந்த மாடிக் கணக்கை முழுசாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பெட்டியில் இல்லாத ஒன்று வேண்டும்: 889 நானோமீட்டர் மீத்தேன் ஃபில்டர். வியாழனில் மீத்தேன் 0.3 சதவீதம் அளவே, ஆனாலும் அந்த அலைநீளத்தை அது வெறியோடு விழுங்கும். ஆழத்துக்குப் போன ஒளி திரும்பாது. உச்சியில் நிற்கும் மூட்டம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். 80ஏயில் கருத்துத் தெரிந்த செந்திட்டு இதில் வெள்ளையாக ஜொலிப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்பது புரியும். கேமராவுக்கு மட்டும், 200 மிமீக்குமேல் மட்டும். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று முடிப்பதால், மங்கலான படத்தை ஈடுகட்ட அதிக நேரம் பதிவு செய்தால் விவரம் வழுக்கிவிடும்.

சனிக்கு இந்தப் பெட்டி சுமார்தான். மேகத்தின் சரக்கு வியாழனுடையதே. ஆனால் ஈர்ப்பு பாதிக்கும் குறைவு, குளிர் அதிகம். வியாழனில் மேகத்தின் மூன்று அடுக்கும் 80 கிலோமீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கும். சனியில் அதே அடுக்குகள் 200 கிலோமீட்டருக்கு விரிந்து, மேலே தடித்த மூட்டத்துக்கடியில் புதைந்து கிடக்கும். பட்டைகள் வெளிறியிருப்பதற்கு இதுவே காரணம். எந்த நிறக் கண்ணாடியாலும் அந்த மூட்டத்தை விலக்க முடியாது. 12 நடுக்கோட்டுப் பட்டையைச் சற்றுக் கெட்டிப்படுத்தும். 80ஏ போட்டால் மஞ்சள் கோளம் மங்கி வளையம் அதைவிடப் பிரகாசமாகும். பார்க்க அழகு, பயன் குறைவு. 2010 டிசம்பரில் வெடித்ததுபோல் வெள்ளைப் புயல் வந்தால் கதை வேறு, அப்போது ஃபில்டரே இல்லாமலும் தெரியும். பக்கத்தில் பழுப்பு நட்சத்திரமாகத் தெரியும் டைட்டனைத் தவறவிடாதீர்கள். நிலா என்று பெயர், ஆனால் 1.5 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் காற்று. அந்தப் பழுப்பு மீத்தேனிலிருந்து உருவான மூட்டத்தின் நிறம்.

யுரேனஸ் 3.7 விகலை, நெப்டியூன் 2.3 விகலை. இரண்டிலும் மீத்தேன் 2 சதவீதம் சுற்றி, வியாழனைப்போல் பல மடங்கு. மேலடுக்கு வாயுவே 619, 727, 889 நானோமீட்டரில் சிவப்பைத் தின்றுவிடுவதால் மிஞ்சி வருவது பச்சைநீலம். நெப்டியூன் கருநீலம் என்ற எண்ணம் 1989இல் வாயேஜர் 2 படங்களில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டியதால் பரவியது. உண்மையில் யுரேனஸைவிடச் சற்றே கூடுதல் நீலம், அவ்வளவே. இந்தக் கோள்களில் 25ஐப் போட்டால் கோள் சட்டென்று அணைவதுபோல் மங்கும். அருகில் அதே பிரகாசமுள்ள நட்சத்திரம் ஒன்று இருந்தால், 25 போட்டு எது அதிகம் மங்குகிறது என்று பார்த்துக் கோளைக் கண்டுபிடிக்கலாம். மீத்தேன் இருப்பதைக் கண்ணாலேயே காட்டும் சோதனை இதைவிட மலிவாகக் கிடைக்காது. பட்டைகளைப் பார்க்க வேண்டுமானால் 250 மிமீக்குமேல் கருவியும், சிவப்புக்கு அப்பால் மட்டும் விடும் அகச்சிவப்பு ஃபில்டரும், கேமராவும் வேண்டும்.

எதை வாங்குவது

பெட்டியாக வாங்க வேண்டாம். 21, 80ஏ இரண்டையும் பூச்சுள்ள தரமான கண்ணாடியில் தனித்தனியாக வாங்குங்கள். லென்ஸ் தொலைநோக்கிக்காரர்கள் 12ஐச் சேர்த்துக்கொள்ளலாம். கருவி 200 மிமீயைத் தாண்டினால் 25. மிச்சமுள்ள 58ம் 47ம் பெட்டி வாங்கினால் கூட வருபவை, தேடிப்போய் வாங்குபவை அல்ல. உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் இருந்தால் ஃபில்டரை ஐபீஸில் அல்லாமல் பார்லோவின் மூக்கில் திருகுங்கள்: ஐபீஸ் மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டாம், குவியத்திலிருந்து தள்ளி நிற்பதால் கண்ணாடியில் உட்கார்ந்த தூசியும் கண்ணில் படாது.

ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டவர்கள் அந்தக் கருப்புப் பஞ்சை மட்டும் கவனியுங்கள். சில வருடத்தில் அது பொடிந்து கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒட்டும். பனி படிந்த ஃபில்டரை அப்படியே பஞ்சில் அழுத்தி மூடினால் அதற்கு முன்பே பூஞ்சை வந்துவிடும். திறந்தபடி அறையில் காயவிட்டு, காலையில் மூடுங்கள்.